பழைய 'லை', 'னை' வடிவங்கள் எழுத்துருவில் இருந்தும் ஆவணத்தில் வரவில்லை: உதவி தேவை

கேள்வி (சேலம், அம்மாபேட்டை):
வணக்கம். என் தாத்தா 1950களில் செவ்வாய்ப்பேட்டையில் அச்சிட்ட கும்மிப் பாட்டுப் புத்தகத்தை, எழுத்தின் பழைய தோற்றம் மாறாமல் மறுபதிப்பாகக் கொண்டுவர முயல்கிறேன். 'சேர்வராயன் மலை' என்று வரும் இடங்களில் யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை'தான் வேண்டும். அந்த வடிவங்கள் அடங்கிய யூனிகோடு எழுத்துருவை நிறுவியிருக்கிறேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற ஆவண மென்பொருளில் பாட்டைத் தெரிவு செய்து, எழுத்துச் சாளரத்தில் எழுத்துருவின் அம்சங்களை (எழுத்தின் தோற்றத்தை மாற்றும் தெரிவுகளை) திறந்து, முதல் வடிவத் தொகுதியில், அதாவது மாற்று எழுத்து வடிவங்களின் முதல் தொகுப்பில், குறியிட்டும் எதுவும் மாறவில்லை. அச்சகத்தாரோ, யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்க எழுத்துரு ஒன்றில் 120 பக்கங்களையும் மறுபடி தட்டச்சு செய்யச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில் (ஏற்காடு):
தயவுசெய்து மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள், அம்மா. தமிழ்நாடு அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம்தான் மாறியது. யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் குறியீடு ஒன்றே. எந்த வடிவத்தை வரைவது என்பதை எழுத்துருவின் அம்சமே முடிவு செய்வதால், ஆவணத்தில் 'மலை' என்று தேடினால் எப்போதும் கிடைக்கும். பழைய குறியாக்கத்துக்குப் போனால் அந்த வசதி போய்விடும்.

நீங்கள் குறியிட்ட இடம்தான் தவறு என்று நினைக்கிறேன். அந்தச் சாளரத்தில் மேற்கத்திய எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவும், தமிழ், இந்தி, அரபு போன்ற சிக்கலான எழுத்து அமைப்புகளுக்குத் தனியாக ஓர் எழுத்துருவும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அமைப்பு வேறு. இரண்டாவது இடத்தில் குறியிட்டுப் பாருங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால், விருப்பங்களில் மொழி அமைப்புக்குச் சென்று அதை இயக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி ஐயா, 'மலை' சரியாகிவிட்டது. ஆனால் 'கண்ணாடி'யில் 'ணா' மட்டும் புதிய வடிவிலேயே நிற்கிறது. பத்திப் பாணியில் (முழுப் பத்திகளுக்கும் பொருந்தும் அமைப்பில்) மாற்றியதால், இக்காலத் தமிழில் நான் எழுதிய முன்னுரையும் பழைய எழுத்துக்குப் போய்விட்டது.

பதில் (ஏற்காடு):
உங்கள் எழுத்துருவைச் செய்தவர் ஐகார எழுத்துகளை ஒரு தொகுதியிலும் ஆகார எழுத்துகளை வேறொரு தொகுதியிலும் வைத்திருக்கக்கூடும். அடுத்த தொகுதியையும் சேர்த்துக் குறியிடுங்கள். முன்னுரையைக் காப்பாற்ற, பத்திப் பாணியைப் பழையபடி விட்டுவிட்டு, 'பழைய பாட்டு' என்றொரு எழுத்துப் பாணியை உருவாக்கிப் பாட்டு வரிகளுக்கு மட்டும் கொடுங்கள்.

பதில் (சேலம், அஸ்தம்பட்டி):
ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தத் தெரிவுச் சாளரம் 2019இல் வந்த லிப்ரே ஆபிஸ் 6.2 பதிப்பில்தான் சேர்ந்தது; 2017இன் 5.3 பதிப்பிலிருந்தே எழுத்துருப் பெயரை அடுத்து முக்காற்புள்ளி இட்டு அம்சத்தின் குறிப்பெயரைத் தட்டச்சு செய்யும் வழி இருந்தும், அதை அறிந்தவர் சிலரே. ஓப்பன்டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்பில் 20 வடிவத் தொகுதிகள் வரை வைக்கலாம்; ஒவ்வொன்றுக்கும் எழுத்துருவிலேயே பெயர் சூட்டவும் முடியும். '1978க்கு முந்தைய எழுத்து' என்று பெயரிட்டிருந்தால் நீங்கள் இத்தனை தடுமாறியிருக்க மாட்டீர்கள். அதற்காக எல்லாவற்றையும் பயனர் கையில் தரவேண்டும் என்று சொல்ல மாட்டேன். க் + ஷ இரண்டையும் இணைத்து 'க்ஷ' ஆக்கும் அம்சத்தை யாராவது தெரியாமல் அணைத்தால், பக்ஷி 'பக்‌ஷி' என்று பிளந்து நிற்கும்.

அச்சகத்துக்கு மூலக் கோப்பை அனுப்பாமல், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் அனுப்புங்கள். அந்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் எல்லாம் புதிய 'லை'யாகவே திறக்கும்.

கேட்டவர்:
'ணா'வும் வந்துவிட்டது; அது இரண்டாம் தொகுதியில்தான் இருந்தது. மாதிரிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தபோது, 'அன்னை'யின் தும்பிக்கை மேல்வரியில் இருந்த 'கு'வின் வாலை இடித்தது. வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டியபின் சரியாகிவிட்டது. நாளை பிடிஎஃப் கொடுக்கிறேன்.