டப்பாவுக்குப் பசி தெரியுமா? கலோரிக் கணக்கை விடுவது பற்றி ஒரு மல்லுக்கட்டு

கைப்பிடி:
ஆறு மாசத்துக்கு மேல மொபைல் ஆப்பில் கலோரி எண்ணினவங்க அதை விட்டுடலாம் என்பது என் கட்சி. ஒரு இட்லியில் என்ன இருக்கு, ஒரு கரண்டி சாதம் எவ்வளவு என்பதெல்லாம் அதுக்குள்ள கைக்கு வந்திருக்கும். அதுக்கப்புறமும் எண்ணுவது வெறும் பழக்கதோஷம். 1995-ல் ஈவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க டயட்டீஷியன்கள் 'இன்ட்யூட்டிவ் ஈட்டிங்' என்று பத்துக் கொள்கைகளாக எழுதி வைத்த முறைதான் நான் சொல்வது. கண்டதையும் தின்னலாம் என்று அதில் எங்கேயும் கிடையாது. பசியை 1 முதல் 10 வரை மனசுக்குள்ள அளந்து பார்க்கணும். 1 என்றால் தலை சுற்றும் பசி, 10 என்றால் பெல்ட்டைத் தளர்த்தும் நிலை. 3, 4-ல் உட்காரணும். 6, 7-ல் எழுந்துடணும்.

ஒரே நாளில் மாற வேண்டாம். முதல் 2 வாரம் காலை டிபனுக்கு மட்டும் கணக்கு கிடையாது. அடுத்த 2 வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் கிடையாது. ஐந்தாம் வாரம் ஆப்பை நீக்கிட்டு, கிச்சன் தராசைப் பரணில் ஏத்திடலாம். எண்ணெய்க்கு மட்டும் அளவு தொடரணும். 5 மில்லி ஸ்பூன் ஒன்றுக்கு 40 கலோரி. பொரியலில் 1 ஸ்பூன் விட்டாலும் 3 ஸ்பூன் விட்டாலும் வயித்துக்கு வித்தியாசம் தெரியாது.

தராசு:
"பசித்துப் புசி"ன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதா சார்? எதைப் பார்த்து வந்த பசி? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை உள்ளேயே தங்க வச்சுப் பண்ணின ஆய்வு 2019-ல் வந்தது. 2 வாரம் பாக்கெட்டில் வர்ற, ரொம்பப் பதப்படுத்தின சாப்பாடு. 2 வாரம் அதிகம் பதப்படுத்தாத சாப்பாடு. முன்னால வச்ச தட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேணுங்கிற அளவு சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலா உள்ளே போச்சு. ருசியில் பெரிய வித்தியாசம் இல்லைன்னு சாப்பிட்டவங்களே சொன்னாங்க. ஆனா வேகமா சாப்பிட்டாங்க. மிக்சர் மாதிரி பர்சான், பிஸ்கட், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் நிறைஞ்ச அலமாரிக்கு முன்னால உங்க 6, 7 எப்படிச் சரியா அடிக்கும்?

அது போக நம்ம மும்பை நடைமுறை. டப்பா, அதாவது ஆபீஸ் டிபன் கேரியர், கட்டுறது காலை 8 மணிக்கு, திறக்கிறது மதியம் 1 மணிக்கு. அளவை முடிவு பண்ணினது கட்டினவங்க கை. டப்பாவுக்கு உங்க பசி தெரியுமா?

கைப்பிடி:
டப்பா கேள்வி நல்ல கேள்வி. ஹால் ஆய்வையும் மறுக்கலை. வீட்டில் வாங்கி வைக்கிற பண்டத்தைக் குறைக்கணும் என்பதற்குத்தான் அது சான்று, ஒவ்வொரு வாயையும் எண்ணணும் என்பதற்கு இல்லை.

எண்ணுறதே எவ்வளவு சரின்னு பாருங்க. அரிசி 100 கிராம் சுமார் 350 கலோரி. வெந்த சாதம் 100 கிராம் சுமார் 130. தட்டில் 200 கிராம் சாதத்தை நிறுத்துட்டு ஆப்பில் 'அரிசி'யைத் தொட்டீங்கன்னா 260 இருக்கிற இடத்தில் 700 விழும். சாம்பாருக்கு ஆப்பில் பத்துப் பதிவு, பத்தும் வேற வேற எண். பாக்கெட் லேபிளிலும் அமெரிக்க விதிப்படியே போட்டதைவிட 20 சதவீதம் வரை கூட இருக்கலாம். 1992-ல் லிச்ட்மன் குழு வெளியிட்ட ஆய்வில், "கம்மியாத்தான் சாப்பிடறேன், எடை குறையலை" என்றவங்க சாப்பிட்டதைச் சராசரியா 47 சதவீதம் குறைச்சுச் சொல்லியிருந்தாங்க.

டப்பாவுக்கு வழி: நாலு அடுக்கு. மேலே கூட்டு, அடுத்து பொரியல், மூன்றில் சாதம், நாலாவதில் உதிரி. சுண்டலோ, ஒரு சப்பாத்தியோ. சாதத்தில் பாதியை மூடியில் எடுத்து வச்சுட்டு ஆரம்பிக்கணும். மீதிப் பாதி முடிஞ்சதும் ஸ்பூனைக் கீழே வச்சுட்டு 5 நிமிஷம் பொறுக்கணும். வயிறு நிறைஞ்ச சேதி தலைக்கு ஏற சுமார் 20 நிமிஷம் ஆகும். இன்னும் 4-ல் இருந்தா மூடியில் இருக்கிறது, அப்புறம் நாலாவது அடுக்கு. மிஞ்சுவது சாதமா இருக்கக் கூடாது. வெந்த சாதம் மும்பைச் சூட்டில் சாயங்காலம் வரை இருந்தா கெட்டுடும், குப்பைக்குத்தான் போகணும். சப்பாத்தின்னா ஆறு மணிக்கும் உதவும். தயிர்சாதம் கட்டினா பால் நிறைய, தயிர் ஒரே ஸ்பூன். இல்லைன்னா புளிச்சுப் போய், பசி இருந்தும் இறங்காது.

முலுண்ட்வாசி:
அண்ணாச்சி, ஒரு மணிக்கு விவகாரம் இல்லை. ஆறரைக்குத்தான். மதியம் 1-க்குச் சாப்பிட்டவன் ராத்திரி 9:30-க்குத்தான் மறுபடி தட்டைப் பார்ப்பான். நடுவில் எட்டரை மணி நேரம். தாதர் பிளாட்பாரத்துக்கு வரும்போது பசி 2-க்கு இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு வடாபாவோட நிறுத்தினவன் மகான். பசி வரும் வரை காத்திருக்கிறதுதான் இந்த முறைன்னு நினைச்சுத்தான் பல பேர் இங்கே கவுந்துடறாங்க. பின்னால வரப்போற பசிக்கு முன்கூட்டியே சாப்பிடறதும் இந்த முறையில் அடக்கம்தான். 5:30-க்கு 30 கிராம் பொட்டுக்கடலை, அதாவது ஒரு கை நிறைய. சுமார் 110 கலோரி, 6 கிராம் புரதம். அப்புறம் வண்டி ஏறுங்க.

சுகர்கணக்கு:
ஒரு குறுக்கீடு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடறவங்களும் கிளிமெபிரைட் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களும் "பசிச்சா சாப்பிடலாம்"னு வேளையைத் தள்ளக் கூடாது. மருந்து உள்ளே வேலை செய்யும், சாப்பாடு இருக்காது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே விழலாம். அப்போ 15 கிராம் குளுக்கோஸ், ஒரு மேசைக்கரண்டி, தண்ணியில் கலந்து குடிச்சு 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்கணும். சாப்பாட்டைப் பார்த்து இன்சுலின் யூனிட் போடறவங்க மாவுச்சத்துக் கணக்கை விடவே முடியாது. மெட்பார்மின் மட்டும்னா இந்த பயம் குறைவு. இன்னொன்று, சர்க்கரை கட்டுக்கடங்காம இருந்தா அதுவே அகோரப் பசியைக் கொடுக்கும். அந்தப் பசியை நம்பிச் சாப்பிட்டா என்ன ஆகும்? செமாகுளுடைட் ஊசி போட்டவங்களுக்கு நேர் எதிர். பசி ரொம்பக் குறைஞ்சுடும். அவங்க கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடணும்.

தராசு:
இது முக்கியம். நன்றி மேடம்.

கைப்பிடி சார், அந்த 47 சதவீதம் உங்க பக்கம் சேராது. அவங்க எழுதிக் கொடுத்தாங்க, எழுதியும் குறைஞ்சுது. அப்போ எழுதாம, நிறுக்காம இருந்தா இன்னும் எவ்வளவு குறையும்? என் யோசனை: 2 மாசத்துக்கு ஒருமுறை 3 நாள் மட்டும் தராசை இறக்குங்க. 2 வேலைநாள், ஒரு ஞாயிறு. கரண்டி பெருத்திருக்கான்னு தெரிஞ்சுடும்.

புரதமும் இருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு நாளுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். ரசஞ்சாதமும் உருளைக்கிழங்கும் வயித்தை 7-க்குக் கொண்டு போயிடும். புரதம் 10 கிராம்கூடத் தேறாது. "பருப்பு பத்தலை"ன்னு எந்த வயிறும் கேட்டதில்லை.

கைப்பிடி:
புரதத்துக்குத் தட்டைப் பார்த்தாலே போதும். வேளைக்கு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, இல்லைன்னா 2 முட்டை, இல்லைன்னா 100 கிராம் பன்னீர். எண் தேவையில்லை.

3 நாள் தராசு எல்லாருக்கும் ஆகாது. 1,200 கலோரியில் வருஷக்கணக்கா இருந்து, ஒரு பிஸ்கட்டுக்கு மனசு உறுத்துகிறவங்களுக்கு அந்த 3 நாள் 30 நாளாகும். அவங்க ஆப்பை நேரா மூடவும் கூடாது. முதலில் எடை ஏறாத, இறங்காத அளவுக்குச் சாப்பாட்டை உயர்த்தி 4 வாரம் அங்கேயே இருக்கணும். 1944–45-ல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வச்சு நடத்தின பட்டினிச் சோதனையில் 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. பிறகு இஷ்டம்போல சாப்பிட விட்டப்போ சிலருக்கு வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கலை. பட்டினியிலிருந்து வர்ற உடம்பு அப்படித்தான். முதல் மாசம் இனிப்பு மேல பாயுதுன்னா முறை தோத்துடுச்சுன்னு அர்த்தமில்லை.

எடை மெஷினும் வேண்டாம். உப்பு, மாதவிலக்கு, முந்தின ராத்திரி பிரியாணி, எல்லாத்துக்கும் ஒரு கிலோ ஆடும். மாசம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் போதும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினா கவனிக்கணும்.

தராசு:
உறுத்தல் உள்ளவங்களுக்கு 3 நாள் வேண்டாம், சரி. மத்தவங்களுக்கு அதை விட்டுத்தர மாட்டேன். டேப் 2 சென்டிமீட்டர் காட்டும்போது 2 மாசம் ஓடிப்போயிருக்கும்.

முலுண்ட்வாசி:
கைப்பிடி அண்ணாச்சி எண்ணெயை மட்டும் ஸ்பூனில் அளக்கச் சொல்றார். எந்த ஸ்பூன்? வீட்டில் ஒவ்வொன்றும் ஒரு அளவு.

தராசு:
இருமல் மருந்தோட வர்ற பிளாஸ்டிக் மூடியில் 5, 10 மில்லி கோடு இருக்கும். உங்க ஸ்பூனால 2 தடவை தண்ணி விட்டுப் பாருங்க. 10-க்கு மேல போச்சுன்னா அது எண்ணெய் ஸ்பூன் இல்லை, அதைச் சர்க்கரை டப்பாவிலும் போட்டுடாதீங்க.