இரண்டு கட்டை டார்ச்சில் எல்இடி போட்டேன், பத்தே நிமிடத்தில் மங்கிவிடுகிறது

பரண்வாசி:
வணக்கம். தாத்தா வைத்திருந்த டார்ச் ஒன்று பழைய சாமான்களுக்கு நடுவில் கிடைத்தது. இரண்டு பெரிய கட்டை (பேட்டரி) போடும் உலோக டார்ச். பல்பு பியூஸ் போயிருந்தது. சரி, எல்இடியாக மாற்றிவிடலாம் என்று, பல்பைத் துணியில் சுற்றிக் கண்ணாடியை உடைத்தேன். அடியில் இருக்கும் பித்தளைக் கிண்ணத்தின் மேல் 1 வாட் வெள்ளை எல்இடியை உட்கார வைத்துப் பற்றவைத்தேன். முதலில் எரியவே இல்லை. வயரை மாற்றிப் போட்டதும் எரிந்தது.

சிக்கல் இரண்டு. புதுக் கட்டை போட்டாலும் பத்து நிமிடத்தில் மின்மினிப் பூச்சி மாதிரி ஆகிவிடுகிறது. அதே கட்டைகளை ரேடியோவில் போட்டால் நன்றாகப் பாடுகிறது. இன்னொன்று, முன்பு தூரத்தில் வட்டமாக விழுந்த வெளிச்சம் இப்போது அறை முழுக்கப் பரவி, எதிரே எதையும் காட்டுவதில்லை. எல்இடி தரமில்லாததா?

சாலிடர்புகை:
எல்இடியைக் குறை சொல்ல வேண்டாம். வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறத்தாழ 3 முதல் 3.4 வோல்ட் வேண்டும். உங்கள் இரண்டு கட்டை சேர்ந்தாலே 3 தான், எல்இடி மின்னோட்டம் இழுக்கத் தொடங்கியதும் அதிலும் இறங்கும். பழைய இழை பல்பு அப்படியில்லை. அரை வோல்ட் குறைந்தாலும் மஞ்சளாக எரிந்து சமாளிக்கும். எல்இடிக்கு 0.2 வோல்ட் குறைந்தாலே மின்னோட்டம் பாதியைவிடக் கீழே போய்விடும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா? டார்ச்சை எரியவிட்டபடியே கட்டைகளின் இரு முனையிலும் ஒரு அளவு, எல்இடியின் காலிலேயே ஒரு அளவு எடுத்துப் போடுங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

ஒத்தக்கம்பி:
சும்மா 5 மி.மீ. எல்இடி ஐந்தாறை இணையாகச் சேர்த்துப் போடுங்க. நான் அப்படித்தான் செய்தேன், பளிச்சென்று இருக்கு.

சாலிடர்புகை:
@ஒத்தக்கம்பி, அவருடைய சிக்கலே வோல்ட் போதாததுதான். இணையாக எத்தனை போட்டாலும் வோல்ட் ஏறாதே. இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரிசிஸ்டர் தனியாக இல்லாமல் இணைத்தால் எதற்குக் குறைந்த வோல்ட் போதுமோ அது அதிகம் இழுக்கும். இரண்டு கட்டையில் தப்பித்துக்கொண்டிருக்கும், மூன்றாவது கட்டை வந்தால் ஒவ்வொன்றாகக் கருகும்.

பரண்வாசி:
அளந்தேன். கட்டைகளில் 2.98. எல்இடியில் 2.74. நடுவில் 0.24 வோல்ட் எங்கே போனது?

பழையசுவிட்சு:
தம்பி, அதுதான் திருடன். டார்ச்சுக்குள்ளேயே இருக்கிறான்.

கட்டையிலிருந்து பல்பு வரை எத்தனை இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடிமூடியின் சுருள் கம்பி, மூடியின் மரை, சுவிட்சின் பித்தளைத் தகடு, அதைப் பிடித்திருக்கும் ரிவெட், பல்பின் அடிப்பொட்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் துரு இருந்தாலே போதும். மூடியைக் கழற்றிச் சுருளைப் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். ஆல்கலைன் கட்டை கசிந்த வெள்ளைப் பொடி என்றால் அது காரம். வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கரையும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஈரத்துணி, நன்றாக உலர்த்தல், அப்புறம் நைஸ் உப்புத்தாள். மரையில் பெயின்ட் ஏறியிருந்தால் அதையும் சுரண்டுங்கள். ரிவெட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அது தளர்ந்திருந்தால் உப்புத்தாள் உதவாது, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு.

பரண்வாசி:
ரிவெட்தான் ஐயா! விரலால் அழுத்தினால் வெளிச்சம் கூடியது, விட்டால் குறைந்தது. தட்டிய பிறகு எல்இடியில் 2.88 வருகிறது. நல்ல மாற்றம்தான், ஆனாலும் கண்ணைக் கூசும் அளவுக்கு இல்லை. லித்தியம் பேட்டரி இரண்டைப் போட்டுவிடலாமா?

சாலிடர்புகை:
ஐயோ, வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் ஒன்றே 4.2 வோல்ட். இரண்டு வரிசையாகப் போனால் 8.4. பொத்தானை அழுத்தும் சத்தம் அடங்குமுன் எல்இடி போய்விடும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மூன்று சின்னக் கட்டை, மொத்தம் 4.5 வோல்ட், வரிசையில் 4.7 ஓம் 1 வாட் ரிசிஸ்டர். எல்இடியில் 3.2 போக மீதி 1.3 வோல்ட் ரிசிஸ்டரில் விழும், ஏறத்தாழ 0.28 ஆம்பியர் ஓடும். ஆனால் ஏஏ கட்டை மூன்றை முக்கோணமாகச் சேர்த்தாலே விட்டம் 31 மி.மீ. வந்துவிடும். பெரிய கட்டையின் விட்டம் 33 தான், உறையோடு நுழைப்பது மல்லுக்கட்டு. அதைவிட மெல்லிய ஏஏஏ கட்டை தாராளமாக நுழையும், ஆனால் மூன்று நான்கு மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

நானாக இருந்தால் இரண்டாவது வழிதான். பெரிய கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, பல்புக்குப் பின்னால் வோல்ட்டை ஏற்றித் தரும் சின்ன பூஸ்ட் சர்க்யூட் ஒன்று. எல்இடிக்கென்றே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதாகப் பார்த்து வாங்குங்கள். கட்டை 2 வோல்ட்டுக்கு இறங்கினாலும் எரியும். நேர், எதிர் முனை மாறினால் சர்க்யூட் போய்விடும், அதனால் மீட்டரில் பார்த்துவிட்டே இணையுங்கள். இன்னொன்று, பித்தளைக் கிண்ணம் மட்டும் 1 வாட் சூட்டைத் தாங்காது. எல்இடிக்கு அடியில் ஒரு செப்புத் தகடு வையுங்கள், அது டார்ச்சின் உடலைத் தொட்டால் இன்னும் நல்லது. தகடு எல்இடியின் எந்தக் காலோடும் ஒட்டிவிடக் கூடாது.

பழையசுவிட்சு:
வெளிச்சம் பரவுவதற்கு: இழை எல்லாப் பக்கமும் ஒளி விடும், குழிக்கண்ணாடி அதை வாரி முன்னால் எறியும். எல்இடி முன்பக்கமாக மட்டுமே விடுகிறது, நிறைய ஒளி அந்தக் குழிக்கண்ணாடியைத் தொடாமலே வெளியே போகிறது. இழை இருந்த உயரத்துக்கு எல்இடியின் முகம் வரும்படி வாஷர் போட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். பழைய கூர்மை முழுதாக வராது. வேண்டுமானால் எல்இடியின் மேல் சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்று மாட்டலாம்.

பரண்வாசி:
பூஸ்ட் போட்டாயிற்று. பத்து நிமிடம் என்ன, ஒரு மணி நேரமாக எரிகிறது, வெளிச்சம் மங்கவில்லை. செப்புத் தகடு வெதுவெதுப்பாக இருக்கிறது, தொட முடிகிறது. வாஷர் இரண்டு போட்டதில் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது, ஒன்றைக் கழற்றியதும் போய்விட்டது. லென்ஸ் போடப்போவதில்லை, தாத்தாவின் முன்கண்ணாடியை மூட மனம் வரவில்லை.

ஒத்தக்கம்பி:
அந்த பூஸ்ட் சர்க்யூட் படம் ஒன்று போடுங்க. என்னுடையதில் இரண்டு எல்இடி செத்துவிட்டது.