வத்தின குளத்து மீன் மாரியில எங்க இருந்து வருது? வன்னியில் கண்ட இசைவாக்கங்கள்

ஒட்டுசுட்டான் ஆசிரியர்:

இசைவாக்கம், அதாவது உயிர்கள் தங்கள் சூழலுக்குப் பொருந்திப்போவது, படிப்பிக்கத் தொடங்கினால் எல்லாரும் ஒட்டகத்தில்தான் தொடங்குவோம். வன்னிப் பிள்ளைக்கு ஒட்டகம் படத்தில் மட்டும்தான். அதனால் சோளகம் வீசுகிற ஆவணி மாதத்தில் வகுப்பை ஒரு சின்னக் குளத்தின் அலைகரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், மீன் எல்லாம் செத்துப்போச்சுதெண்டா மாரியில எங்க இருந்து வருது?"

நான் வாய் திறக்க முதல் இன்னொரு பொடியன் மண்வெட்டியோடு இறங்கிவிட்டான். தகப்பனோடு மீன் பிடிக்கப் போகிறவன். ஈரம் மிஞ்சியிருந்த பள்ளத்தில் வெட்டிப் புரட்டினான். சேற்றுக்குள் ஒரு விரால், வழவழவென்று, உயிரோடு. விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்கிற அறை ஒன்று இருக்கிறது. தண்ணீரில் உள்ள ஒட்சிசன் போதாவிட்டால் வாயால் காற்றைக் குடிக்கும். உடம்பில் ஈரம் காயாத வரைக்கும் சேற்றில் கிடந்து தாக்குப்பிடிக்கும். பனையேறிக் கெண்டைக்கும் அதே வசதி இருக்கிறது, அது மழை நாளில் தரையிலேயே நகரும். அதே மண்ணில் நத்தைகளும் கிடந்தன, ஓட்டின் மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு.

திரும்பும்போது காட்டோரமாக வந்தோம். பாலை கோடையிலும் பச்சையாக நிற்கிறது, இலை தடிப்பு. பக்கத்தில் முதிரை இலையைக் கொட்டிவிட்டு நிற்கிறது. ஒரே மண், ஒரே வெயில். ஒன்று செலவைக் குறைத்துச் சமாளிக்கிறது, மற்றது கடையையே மூடிவிடுகிறது. எது கெட்டித்தனம் என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள், நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

நீங்கள் கண்டதையும் எழுதுங்கள். காட்டில் கண்டதானாலும் சரி, வீட்டில் கண்டதானாலும் சரி.

வட்டுவாகல்காரன்:

முல்லைத்தீவில கடலோட ஒட்டிக் கிடக்கிற நந்திக்கடல் களப்பைப் பற்றி நான் சொல்லுறன். மாரியில வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டுப்பட்டால் கடலும் களப்பும் ஒண்டு. கோடையில மணல் அடைச்சுப்போடும். பிறகு தண்ணி வத்த வத்த உப்பு ஏறும். ஒரே இடத்தில வருசத்துக்குள்ள நல்லதண்ணிக்குக் கிட்டவும் வரும், கடலை விட உப்பாவும் போகும். இறால் இதைக் கணக்குப் பாத்து வைச்சிருக்கு. குஞ்சில களப்புக்குள்ள வந்து வளரும், முட்டை போடக் கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் நேரத்துக்குத் திறக்காட்டி இறாலுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.

வெண்கண்டல் இலையை நக்கிப் பாத்திருக்கிறியளோ? உப்புக் கரிக்கும். குடிச்ச உப்பை இலையால வெளிய விடுற மரம் அது. சின்ன வயசில புளியங்காயோட தொட்டுச் சாப்பிட்டிருக்கிறம், அது வேற கதை.

திலாப்பியா தனி ஆள். 1952 இல இலங்கைக்குக் கொண்டுவந்த ஆபிரிக்க மீன். நல்லதண்ணியிலயும் இருக்கும், உப்பிலயும் இருக்கும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ள வைச்சுக் காக்கும். சின்னக் குட்டையில நெருக்கமா அடைச்சு விட்டால் வளர்த்தியைக் குறைச்சுப்போட்டு சின்னனிலயே சினைப்படும். ருசி விராலுக்குக் கிட்டவும் வராது.

நெடுங்கேணி விவசாயி:

மீன் மட்டுமில்லை, யானையும் படிச்சிட்டுது. முந்தி யானை வெடி ஒண்டு போட்டால் காடு அதிர ஓடும். இப்ப காதை ஆட்டிக்கொண்டு நிண்டு நெல்லைத் தின்னுது. மின்சார வேலிக்கு மரத்தை முறிச்சுத் தள்ளி விழுத்திப்போட்டு உள்ள வருது. அது இசைவாக்கம் எண்டால் நான் இரவிரவாப் பரணில முழிச்சிருக்கிறதுக்கு என்ன பேர்?

கிளிநொச்சியிலிருந்து ஒரு மகள்:

எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தது. அந்த வருடங்களில் அப்படி வந்த குடும்பங்கள் ஏராளம். அப்பாயி குளிரில் பிறந்து வளர்ந்தவர். வெயிலுக்கே பழக்கமில்லாதவரைக் கொண்டுவந்து காடு வெட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் வருடமே வீட்டில் எல்லோருக்கும் மலேரியா. (2016 இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது அப்பாயி உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்.)

அவர் எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பேன். நெல் விதைக்கப் பழகினார். மழையைப் பார்த்து நாள் சொல்லப் பழகினார். பேச்சு பாதி மாறியது. ஆனால் விறகு கட்டினால் கயிறு நெற்றிக்குத்தான் போகும், கொழுந்துக் கூடை சுமந்த மாதிரியே. அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையில் சுமாட்டை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். "ரெண்டு கையும் சும்மா இருக்குது பாரு" என்பார்.

மனிதர் பழகிவிட்டார்கள், கடதாசி பழகவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைக் கழற்றிவிட்டதைக் கடைசியாகச் சரிசெய்ய 2003 சட்டம் வர வேண்டியிருந்தது. காணி கேட்டுப் போன இடத்தில், இருபது வருடம் உழுத நிலத்தைப் பற்றி, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார்கள். பழகிக்கொண்டீர்கள் என்று எங்களைப் பாராட்டுகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்ததில்லை.

மாங்குளம் மெக்கானிக்:

தங்கச்சி சொன்னது சரி. எங்களையும் "எதுக்கும் ஈடுகொடுக்கிற சனம்" எண்டு வெளியில இருந்து வாறவை புகழுவினம். 90களில போர் நேரம் வன்னிக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினம். துளிப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள்ள விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. புகை எண்டால் புகை. ஜாம் போத்தலில விளக்கு, சைக்கிள் டைனமோவில ரேடியோ, சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சது, எல்லாம் நடந்தது. கெட்டித்தனம்தான், மறுக்கேல்லை. ஆனால் 2002 இல ஏ9 பாதை திறந்து பெற்றோல் வந்த உடன மண்ணெண்ணெயைக் கைவிட்டம். ஒருத்தனும் பிறகு அதைத் தேடேல்லை. விரால் சேத்துக்க கிடக்குது எண்டதுக்காக அதுக்குச் சேறு விருப்பம் எண்டு சொல்லலாமோ?

ஒட்டுசுட்டான் ஆசிரியர்:

மெக்கானிக் அண்ணை சொன்னதை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன். விராலின் காற்றறை எத்தனையோ தலைமுறையில் வந்தது, உயிரோடு மிஞ்சியவை கடத்தியது. நெடுங்கேணி யானை வெடிக்குப் பயப்படாதது அந்த யானையின் ஆயுளுக்குள் நடந்த பழக்கம். மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் இரண்டிலும் சேராது. அது நெருக்கடியில் செய்த வேலை. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பாராட்டுவதில் எனக்கும் உடன்பாடில்லை.

முள்ளியவளைக் கூத்துக்காரன்:

கதையும் ஊர் மாறினால் உடம்பு மாறும், அதையும் சேருங்கோ. சிலப்பதிகாரத்தில கண்ணகி மதுரையை எரிச்சுப்போட்டுச் சேரநாட்டு மலைக்குப் போறா. எங்கட ஊரில அவ நந்திக்கடல் கரைக்கு வாறா, கிழவியா. மாடு மேய்க்கிற பொடியள் பொங்கிக் குடுக்கிறாங்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லையெண்ட உடன கடல்தண்ணியை விட்டு எரிக்கச் சொல்லுறா, எரியுது. தலையில பேன் பாக்கப் போனால் ஆயிரம் கண். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு இப்பவும் முல்லைத்தீவுக் கடலில தண்ணி எடுத்துத்தான் காட்டு விநாயகர் கோயிலில விளக்கு எரிக்கிறது.

நான் கவனிச்ச விஷயம் ஒண்டு. மதுரையில கண்ணகிக்கு இடம் குடுத்தது மாதரி, ஆயர் குலத்துப் பொம்பிளை. கடல் தாண்டி வந்த கதையில அரசன் இல்லை, தட்டான் இல்லை, மாடு மேய்க்கிறவன் மட்டும் மிஞ்சிறான். வன்னி மாட்டு ஊர்தானே, வேற ஆரைத்தான் நம்புறது? கோவமும் மாறிப்போச்சு. அங்க எரிச்சவ, இங்க அம்மைநோயை ஆத்திறவ, மழை தாறவ.

கோவலன் கூத்து முந்தி விடிய விடிய நடக்கும். இப்ப விடியுமட்டும் இருக்கச் சனமில்லை, சுருக்கி ஆடுறம். சுருக்கேக்குள்ள முதல் போறது ஆரின்ர வரவுப் பாட்டு (ஆள் களரிக்கு வரேக்க பாடுறது) எண்டதில எங்களுக்குள்ள இன்னும் இழுபறி. என்ரை பாட்டன் இருந்திருந்தால் கோவலன்ர வரவில ஒரு அடியும் தொடவிட்டிருக்க மாட்டார். நான் வெட்டிப்போட்டன். ஆட்டம் நிக்கிறதை விட வெட்டினது பரவாயில்லை எண்டு நினைக்கிறன், மூத்த ஆக்கள் ஒத்துக்கொள்ளேல்லை.

வட்டுவாகல்காரன்:

கூத்துக்காரத் தம்பி, கண்ணகியின்ர சிலம்புக்கு நாகமணி எடுக்கக் கப்பல் போற பகுதியையும் வெட்டிப்போட்டீங்களோ? சிலப்பதிகாரத்தில அது இல்லை எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுவினம். கடற்கரைச் சனம் சேர்த்த பகுதியாத்தான் இருக்கும். அதை மட்டும் விடாதேங்கோ, அடுத்த பொங்கலுக்கு நாங்கள் அதைக் கேக்கத்தான் வருவம்.