'பிரைமேட்' என்னும் திருச்சபைப் பதவிக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். உலகச் சமயங்கள் பற்றிய மாணவர் நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். இங்கிலாந்துத் திருச்சபை பற்றிய இயல் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிரைமேட் என்றால் ஒரு நாட்டுத் திருச்சபையின் ஆயர்களுள் முதலிடம் பெறுபவர். அங்கே கான்டர்பரிப் பேராயர் 'அனைத்து இங்கிலாந்தின் பிரைமேட்', யார்க் பேராயர் வெறும் 'இங்கிலாந்தின் பிரைமேட்'. இருவருள் யார் முதல் என்று நெடுங்காலம் நடந்த பூசலுக்கு 14ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை செய்துவைத்த சமரசம் இது. 'தலைமைப் பேராயர்' என்று எழுதினால் இருவருமே தலைவர்கள் ஆகிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

*

தென்னிந்தியத் திருச்சபையில் 'பிரதமப் பேராயர்' என்ற சொல் வழக்கில் இருக்கிறதே, ஐயா. புதிதாக ஆக்குவானேன்?

*

அது அத்திருச்சபையின் தலைவரான மாடரேட்டருக்கு உரிய சொல். 1947இல் தோன்றிய அத்திருச்சபையில் பேராயர்களுள் ஒருவரைச் சினாட் என்னும் திருச்சபை மாமன்றம் குறிப்பிட்ட காலத்துக்கு அப்பொறுப்பில் அமர்த்துகிறது. கான்டர்பரியிலோ 597இல் வந்த அகஸ்டின் தொடங்கி, அந்தப் பீடத்தில் அமர்பவர் எவரோ அவருக்கே முதன்மை. இதைவிடப் பெரிய சிக்கல் 'பேராயர்' என்ற சொல்லிலேயே இருக்கிறது: கத்தோலிக்கருக்கு பிஷப் ஆயர், ஆர்ச்பிஷப் பேராயர்; தென்னிந்தியத் திருச்சபையாருக்கு பிஷப்பே பேராயர். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நெல்லை மாணவர் 'கான்டர்பரிப் பேராயர்' என்று படித்தால் தம் ஊர்ப் பேராயருக்கு நிகரானவர் என்றே கொள்வார். பழைய கத்தோலிக்க வழக்கில் மேற்றிராணியார் (பிஷப்), அதிமேற்றிராணியார் (ஆர்ச்பிஷப்) என்ற பாகுபாட்டில் இந்தக் குழப்பம் இல்லை.

*

'மேற்றிராணியார்' என்பதும் வேண்டா, 'பிரதம' என்பதும் வேண்டா, இரண்டும் தமிழல்ல. ஆயர் என்றால் மேய்ப்பர் என்று கொண்டு 'பேராயர்' என்பதை மேய்ப்பரோடு தொடர்புபடுத்துவோர் உண்டு; அதையும் நான் ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தில் அரசனுக்குத் துணையான ஐம்பெருங்குழுவோடு எண்பேராயமும் வருகிறது. ஆயம் என்றால் கூட்டம், ஆகவே பேராயத்துக்கு உரியவர் பேராயர். காங்கிரசைப் பேராயக் கட்சி என்று எழுதுவோர் இன்றும் உளர். மூத்த ஆயத்துக்கு உரியவர் என்ற பொருளில் 'மூதாயர்' என்று ஆக்கலாம். 'முதல்வர்' என்பதைக் கோட்டையும் கல்லூரிகளும் எடுத்துக்கொண்டன.

*

ஐயா, ஆயர் என்றால் மேய்ப்பரே. விவிலியத்தில் யோவான் 10ஆம் அதிகாரத்தில் பழைய மொழிபெயர்ப்பின் 'நல்ல மேய்ப்பன்', பொது மொழிபெயர்ப்பில் 'நல்ல ஆயர்' ஆனார். எண்பேராயத்தை இங்கு இழுத்து வரத் தேவையில்லை. கான்டர்பரிக்கு இப்போது முதன்முறையாக ஒரு பெண், சாரா முலாலி, வந்திருக்கும் நிலையில் 'மூதாயர்' என்று அச்சிட்டால் மூதாய் என்றே படிப்பார்கள்.

பதவியின் தன்மையைப் பார்ப்போம். இங்கிலாந்துத் திருச்சபையின் உச்ச ஆளுநர் முடியரசரே. கான்டர்பரிப் பேராயர் அவருக்கு முடிசூட்டுகிறார். 1867 முதல் கூடிவரும் லாம்பெத் மாநாட்டுக்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) ஆயர்களை அழைப்பவரும் அப்பேராயரே, ஆனால் பிற நாட்டுத் திருச்சபைகளுக்கு ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 'தலைமை' என்பதில் ஆட்சி தொனிக்கிறது; 'முதன்மை' என்பதில் வரிசை மட்டுமே. ஆகவே 'முதன்மைப் பேராயர்' என்பதே பொருந்தும். விலங்கியலில் பிரைமேட்டுக்கு 'முதனி' இருப்பதால், குரங்கோடு மயங்கும் அச்சமும் இல்லை.

*

அப்படியானால் ஸ்காட்லாந்து எபிஸ்கோப்பல் திருச்சபையின் 'பிரைமஸ்' யார்? அங்கே ஆர்ச்பிஷப்பே இல்லை. ஆயர்கள் தம்முள் ஒருவரைத் தேர்கிறார்கள். அவருக்கு 'முதன்மை ஆயர்' என்று இன்னொரு சொல் வேண்டியிருக்கும்.

*

ஸ்காட்லாந்து இந்த இயலில் வரவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. பெரும்பான்மையோர் கருத்துப்படி 'அனைத்து இங்கிலாந்தின் முதன்மைப் பேராயர்', 'இங்கிலாந்தின் முதன்மைப் பேராயர்' என்றே அனுப்புகிறேன். இந்நூலில் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப், ஆயர் என்றால் பிஷப் என்று அடிக்குறிப்பும் இடுகிறேன்.

*

அடிக்குறிப்பைப் படிக்காத நெல்லை மாணவருக்குக் குழப்பம் அப்படியே இருக்கும். 'அதிமேற்றிராணியார்' என்பதை நான் இன்னும் கைவிடவில்லை.