சி.பி.எல். கையில், அடுத்து டைப் ரேட்டிங்கா?

திருமங்கலத்தான்:
சித்தப்பா மகன் போன மாதம் சி.பி.எல். (தொழில்முறை பைலட் உரிமம்) வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். 200 மணி நேரம் பறந்தது, இரட்டை இன்ஜின் பயிற்சி, ஐ.ஆர். (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதி) எல்லாம் முடிந்தது. இதுவரை ஆன செலவுக்கே தென்னந்தோப்பு அடமானத்தில் இருக்கிறது. இப்போது ஒரு ஏஜென்ட், ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக ஏர்பஸ் விமானத்தை மட்டும் ஓட்டும் தகுதி) போட்டால்தான் வேலை, 18 லட்சம் ஆகும் என்கிறார். மிச்சமிருப்பது குடியிருக்கிற வீடுதான். நேராகச் சொல்லுங்க, வைக்கலாமா?

ரன்வே ஜீரோநைன்:
தாராளமா வைங்க ப்ரோ. 2023-ல் இண்டிகோ மட்டும் 500 விமானத்துக்கு ஆர்டர் போட்டது, ஏர் இந்தியா 470. அத்தனையும் யார் ஓட்டுவது? ஆள் எடுக்கும்போது ரேட்டிங் இருக்கிறவனுக்குத்தான் முதல் பந்தி. வீட்டில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்தால் கை மரத்துப்போகும்.

பெருங்குடி மாமா:
தம்பி ரன்வே, அந்த 500-ம் 2030-லிருந்து 2035 வரைக்கும் வரப்போகிற விமானங்கள். வட்டி அடுத்த மாதமே வரும்.

அப்புறம் இந்த முதல் பந்திக் கதை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி நின்றபோது ஏ320-ல் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர்களே வேலை தேடி வெளியே வந்தார்கள். சிமுலேட்டரை மட்டும் பார்த்த 200 மணி நேரப் பையனை அவர்களோடு வரிசையில் நிறுத்தினால் யாரைக் கூப்பிடுவான்? ஏ320 ரேட்டிங்கை வைத்துக்கொண்டு போயிங் 737-ல் உட்காரவும் முடியாது, நம்ம மதுரைக்கு வந்துபோகிற சின்ன ஏடிஆர் விமானத்தையும் தொட முடியாது. கம்பெனி தேர்வு செய்து கடிதம் கொடுக்கட்டும், அதற்கப்புறம் ரேட்டிங்குக்குக் கட்டலாம்.

ரன்வே ஜீரோநைன்:
கடிதம் வரும் வரும் என்று உட்கார்ந்தே மூன்று வருஷம் போன பையன்களை எனக்குத் தெரியும் மாமா. ஒருத்தன் இப்போது அவனியாபுரத்தில் அப்பா கடையில் இருக்கிறான். காத்திருப்பது ஒன்றும் இலவசம் இல்லை. லைசென்ஸ் 10 வருஷம் செல்லும், சரி. ஐ.ஆர். செக் வருஷா வருஷம், கிளாஸ் 1 மெடிக்கல் என்கிற பைலட் உடல் பரிசோதனையும் வருஷா வருஷம். ஒவ்வொரு தடவையும் வேறு ஊருக்குப் போய், விமானத்துக்கு வாடகை கட்டி, ரூமும் எடுக்க வேண்டும்.

கள்ளிக்குடி:
நான் பட்டவன், சொல்கிறேன். கடன் வாங்கி ரேட்டிங் போட்டேன். தரைவகுப்பு, சிமுலேட்டர் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் நிஜ விமானத்தில் தரையிறக்கிக் காட்ட வேண்டும் என்றபோது, "அது பேக்கேஜில் இல்லை" என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். வெறும் சிமுலேட்டர் சான்றிதழை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தேன். அண்ணே, அந்த 18 லட்சத்தில் பேஸ் லேண்டிங், அதாவது இந்த நிஜ விமானத் தரையிறக்கம், உண்டா, விமானம் யாருடையது என்று முதலில் எழுத்தில் கேளுங்க.

நான் தப்பித்ததே பயிற்றுநர் ரேட்டிங்கால்தான். பறக்கிற பள்ளி ஒன்றில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். பெரிய சம்பளம் இல்லை, ஆனால் பறந்த மணி நேரத்தை எழுதுகிற லாக்புக்கில் பக்கம் நிரம்பியது. பிற்பாடு கேப்டன் ஆக ஏ.டி.பி.எல். என்கிற மேல்நிலை உரிமம் வேண்டும், அதற்கு 1500 மணி நேரம் கேட்பார்கள் இல்லையா.

ரன்வே ஜீரோநைன்:
செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானத்தில் சுற்றிய மணி நேரத்தை ஏர்லைன் பெரிதாக மதிக்காது பாஸ்.

கள்ளிக்குடி:
மதிக்க வேண்டாம். செலக்‌ஷனில் சிமுலேட்டர் செக் வைத்தபோது, ஆறு மாதம் யோக்கையே (விமானத்தின் ஸ்டியரிங்) தொடாமல் வந்தவனுக்குக் கை நடுங்கியது, எனக்கு நடுங்கவில்லை.

பெருங்குடி மாமா:
பைசா பெரிதாகச் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது, அதை யாருமே சொல்லவில்லை. ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளை இப்போதே எழுதலாம். நேவிகேஷன், வானிலை, ரேடியோ எய்ட்ஸ். படித்த சூடு ஆறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

திருமங்கலத்தான்:
இப்போதுதான் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். பேஸ் லேண்டிங் பற்றிக் கேட்டதும், "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், முதல்ல டோக்கன் அட்வான்ஸ் போடுங்க" என்கிறார். எழுதித் தரச் சொன்னேன், லைனைக் கட் பண்ணிவிட்டார். சித்தப்பா வீட்டுப் பத்திரத்தைத் திரும்பவும் பீரோவில் வைத்துவிட்டார். தம்பிக்குத்தான் முகமே சரியில்லை.

ரன்வே ஜீரோநைன்:
அந்த ஏஜென்ட் வேண்டாம், விடுங்க. அதற்காக ரேட்டிங்கே தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பியோட ஐ.ஆர். எந்தத் தேதியில் முடிகிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்க.