தெருத் தோட்டத்தில் மாற்றுத்திறனாளிகளும் வேலை செய்ய எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

கேள்வி:
வணக்கம். திருச்சியில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பொது இடத்தில் 15 பேர் சேர்ந்து கீரையும் காய்கறியும் பயிரிட்டு, விளைச்சலில் பாதியை அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்குக் கொடுத்து வருகிறோம். இப்போது மூவர் எங்களோடு சேர விரும்புகிறார்கள்: தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வரும் இளைஞர், பார்வையற்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, அறிவுசார் குறைபாடுள்ள 19 வயதுப் பெண். “அவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும், படம் எடுக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்” என்று எங்களில் ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் வருத்தமளித்தது. அவர்கள் வேலை செய்யத்தான் வருகிறார்கள். பாத்திகள் எல்லாம் தரைமட்டத்தில் இருக்கின்றன, இடையில் ஒற்றையடி வரப்புகள்தாம். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
நானும் தண்டுவடப் பாதிப்புள்ளவன்; வீட்டு முற்றத்தில் தோட்டம் வைத்திருக்கிறேன். முதலில் பாதையைச் சரிசெய்யுங்கள். நேர்ப்பாதை குறைந்தது 90 செ.மீ. அகலமும், நாற்காலி திரும்பும் இடம் நீள அகலத்தில் 150 செ.மீ. அளவும் இருக்க வேண்டும். மணலிலும் சல்லியிலும் சக்கரம் புதையும் என்பதால், கிராவல் மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்குங்கள். வாசலில் படி இருந்தால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் தேவைப்படும். பொது இடங்கள் தடையின்றி அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கூறுவதால், மாநகராட்சியிடம் அதைச் சுட்டியே மனுக் கொடுக்கலாம்.

அடுத்தது மேசைப் பாத்தி, அதாவது இரும்புச் சட்டத்தின் மேல் மேசை உயரத்தில் வைக்கும் மண் தொட்டி. முழங்கால் உள்ளே நுழைய அடியில் ஏறத்தாழ 70 செ.மீ. இடைவெளி விடுங்கள், தொட்டி 15 செ.மீ. ஆழம் இருந்தால் கீரைக்கும் புதினாவுக்கும் போதும். ஒரு பக்கமிருந்து மட்டும் கை எட்டுமானால் அகலம் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இரும்புச் சட்டம் வெயிலில் கொதிக்கும். எனக்குத் தொடையில் உணர்ச்சி இல்லாததால், முதல் கோடையில் அந்தச் சட்டத்தில் பட்டுக் கொப்புளம் எழுந்ததை மாலையில் உடை மாற்றும்போதுதான் கண்டேன்; புண் ஆற இரண்டு மாதமாயிற்று. அதன் பிறகு சட்டம் முழுவதும் சாக்குத் துணி சுற்றிவைத்திருக்கிறேன். தண்டுவடத்தின் மேற்பகுதியில் பாதிப்பு உள்ளவர்களுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது, உடல் விரைவில் சூடேறிவிடும். எனவே எத்தனை மணி வரை வெளியில் இருக்க முடியும் என்பதை அந்த இளைஞரிடமே கேளுங்கள்.

மறுமொழி 2:
எனக்குப் பார்வை இல்லை. பார்வையற்றவர் என்றதும் மருக்கொழுந்தையும் திருநீற்றுப்பச்சையையும் கொடுத்து முகரச் சொல்வார்கள். வாசனை எனக்கும் பிடிக்கும், ஆனால் அது வேலை ஆகாது. ஆசிரியையிடம் நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளை ஒப்படையுங்கள். ஒவ்வொரு குழியிலும் தென்னைநார்க் கழிவை நிரப்பி, நுனிவிரலால் அழுத்தி, ஒரு கத்தரி விதையை இட்டு மூடுவது விரல்களின் வேலை. நடவுக்கு, ஓர் அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றைப் பாத்தியின் நீளத்துக்கு இழுத்துக் கட்டினால் முடிச்சுக்கு ஒரு நாற்று என்று தடவியே நடலாம். களையெடுக்கும்போதும் முடிச்சருகே இருப்பது பயிர், மற்றது களை என்று தெரிந்துவிடும். களைக்கொத்தும் பூவாளியும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கப்பட வேண்டும். பாதையில் கிடக்கும் ஒரு மண்வெட்டி போதும், அவர் மறுவாரம் வரத் தயங்குவதற்கு.

மறுமொழி 3:
சிறப்புப் பள்ளியில் பணியாற்றிய அனுபவத்தில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். “கொஞ்சம் தண்ணீர் ஊற்று” என்றால் அளவு புரியாது. “ஒரு செடிக்கு ஒரு குவளை” என்று ஒருமுறை கூடவே செய்து காட்டுங்கள். ஒரு பாத்தியை விதைப்பு முதல் அறுவடை வரை அவருடைய பொறுப்பிலேயே விடுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும் சிறுகீரை இதற்கு ஏற்றது. முதியோர் இல்லத்துக்குக் கீரைக்கட்டை அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சனிக்கிழமை மூவரையும் வரச்சொல்லியிருக்கிறேன். அளவுநாடாவோடு அவர்கள் முன்னிலையிலேயே பாதையைக் குறிக்கப் போகிறோம்.