புடையன் கடித்தவரை 20 நிமிடம் சும்மா வைத்திருந்தது சரியா?

வரம்போரம் கேட்டது:

எங்களது மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு குடியேற்றக் கிராமம். போன காலபோக அறுவடையில், பொழுதுபட்ட நேரம், அப்பாவைக் கணுக்காலில் பாம்பு கடித்தது. பாம்பை நான் கண்டேன், புடையன்தான். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, அரை மணித்தியாலத்தில் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அங்கே கொஞ்ச இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் வைத்து 20 நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசி இல்லை. நான் கத்திவிட்டேன். பிறகு அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் மருந்து ஏறியது. அப்பா தப்பிவிட்டார், இப்போது மாடும் பார்க்கிறார்.

வரும் கிழமை நோயாளர் நலன்புரிச் சங்கக் கூட்டம். அவசர சிகிச்சைப் பிரிவு பற்றி என்னையும் பேசச் சொல்கிறார்கள். கோபம் இருக்கிறது. ஆனால் நல்லது, கெட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

ஓட்டோக்காரன்:

ஆஸ்பத்திரிப் படலைக்கு வரமுதல் போகிற நேரத்தையும் எண்ணுங்கள் அண்ணை. போன மாதம் நான் ஏற்றிய ஒருவர் முதலில் விசகடி வைத்தியரிடம் பார்வை பார்த்து, அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். கடித்து இரண்டரை மணித்தியாலம். அதை யார் கணக்கில் எழுதுவது? 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், வடக்குக்கு 2018இல் வந்தது. எங்கள் பக்கம் அதைக் கூப்பிடவே சிக்னல் தேடி வாய்க்கால் கட்டில் ஏற வேண்டும்.

ஓய்வு தாதி:

தம்பி, அந்தக் குழாய்தான் சோதனை. புடையன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தம் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். கட்டியாகாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. இடையில் ஆட்டினால் சோதனை பிழையாகிப்போகும். நீங்கள் கத்தியபோது யாராவது பதறி அதைத் தூக்காமல் விட்டது நல்லது.

விஷம் உடம்பில் ஏறாத கடியும் உண்டு. மருந்தோ குதிரையின் இரத்தத்திலிருந்து செய்வது. ஏறும்போதே உடம்பு நடுங்கி, பிரஷர் விழுந்தவர்களை நான் இரவிரவாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எல்லாருக்கும் எடுத்தவுடன் ஏற்ற முடியாது.

நான் கேட்பது வேறு. குழாயைச் சரித்த பிறகு அம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது? கூட ஒரு தாதி போனாரா, சாரதி மட்டுமா? பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னமே கோல் எடுத்துச் சொன்னார்களா? நெஞ்சு நோவோடு வருகிறவருக்கும் இதே மாதிரித்தான்: வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி, மாரடைப்பென்றால் கட்டி கரைக்கும் ஊசி 30 நிமிடத்துக்குள் என்று நாங்கள் கணக்குப் பார்ப்போம். புத்தகத்தில் நேரம் எழுதாத பிரிவைப் பற்றி நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது.

சாவு எண்ணிக்கையைக் காட்டி யாராவது பெருமை பேசினால் நம்பாதீர்கள். கஷ்டமான எல்லாரையும் வேறிடத்துக்கு ஏற்றிவிடும் ஆஸ்பத்திரியில் யார் சாகப்போகிறார்கள்?

காய்ச்சலோடு வந்த ஒருவர் ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்தால், அதுவும் தன்னளவில் குற்றமில்லை. வந்த ஒழுங்கில் பார்க்கிற இடம்தான் பயங்கரம். வலிப்போடு வந்த பிள்ளை வரிசையில் நிற்க முடியுமா? ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருத்தரும் அவரை எட்டிப் பார்க்கவில்லையென்றால், அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

வரம்போரம்:

நன்றி அக்கா. அனுப்பும்போது தந்த கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். இரத்தம் எடுத்தது 7.25, உறையவில்லை என்று எழுதியது 7.45. அம்புலன்ஸ் வெளிக்கிட்டதும் என் சொந்த அக்காவுக்கு நான் எடுத்த கோல் 9.10 என்று போனில் கிடக்கிறது.

20 நிமிடத்துக்குக் கத்தினேன். மிச்ச நேரம் முழுக்க வெளியே கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்புலன்ஸ் வரும், இருங்கள் என்றார்கள், இருந்தேன்.

ஓய்வு தாதி:

அந்த 85 நிமிடத்தைக் கூட்டத்தில் கேளுங்கள் தம்பி. இரவுக்குச் சாரதி யார், அம்புலன்ஸ் எங்கே நின்றது என்றும் கேளுங்கள். அங்கே வேலையில் நின்ற தாதியைத் திட்டவேண்டாம், அவர் எத்தனை கோல் எடுத்தாரோ.